லாப்ரடோரைட்டின் பல வண்ணமும் சந்திரகாந்தத்தின் நீலமும்: கலவை, அடுக்கு, வெட்டும் திசை

கல்தேடி (கேள்வி)

கையில் இரண்டு விதமான கரடுக்கல் இருக்கிறது. ஒன்று மடகாஸ்கர் லாப்ரடோரைட், 400 கிராம் அளவில் ஒரே கட்டி, வெளியே பார்த்தால் வெறும் சாம்பல் நிறம். இன்னொன்று இலங்கைச் சந்திரகாந்தக் கல், ஒவ்வொன்றும் 3 முதல் 6 கிராம் வரை உள்ள சிறு துண்டுகள். இரண்டும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமக் குடும்பம்தான். ஆனால் முதல் கல்லில் நீலம், பச்சை, பொன்னிறம் மூன்றும் ஒரே கட்டியில் பளிச்சென்று அடிக்கின்றன. இரண்டாவதில் நீலம் கலந்த வெண்மை மட்டும் கல்லுக்குள் மிதக்கிறது. வேறு நிறம் வருவதே இல்லை.

இந்த நிறம் செம்பு, இரும்பு போன்ற ஏதாவது உலோகம் கலந்ததால் வருவதா? லாப்ரடோரைட்டின் உடைந்த முகம் ஒன்றில் மிக மெல்லிய இணைகோடுகள் தெரிகின்றன. அடுக்கு அடுக்கு என்று எல்லோரும் சொல்வது இவற்றைத்தானா? ஒரு முகம் கண்ணைப் பறிக்கிறது, அதற்குப் பக்கத்து முகமோ எப்படித் திருப்பினாலும் செத்துக் கிடக்கிறது. அது ஏன்? ரம்பம் வைப்பதற்கு முன்பே சரியான திசையைக் கண்டுபிடிக்க வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள். விரிவாக இருந்தாலும் பரவாயில்லை, எண்களோடு வேண்டும்.

பாறைவிழி

உலோகம் காரணமில்லை. மரகதத்தின் பச்சைக்குக் குரோமியமோ வனேடியமோ காரணம். அந்தக் கல்லை எந்தப் பக்கம் திருப்பினாலும் பச்சைதான். லாப்ரடோரைட்டின் நிறம் ஒரு கோணத்தில் வந்து அடுத்த கோணத்தில் மறைகிறது. பொடித்துப் பார்த்தால் வெளிறிய சாம்பல் பொடிதான் மிஞ்சும். நிறத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் தகடுகளின் தடிமன். அந்தத் தடிமனைத் தீர்மானிப்பவை கல்லின் வேதிக்கலவையும், அது எவ்வளவு மெதுவாகக் குளிர்ந்தது என்பதும்.

பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் என்பது ஒரு கலவைத் தொடர். ஒரு முனையில் ஆல்பைட்: ஒரு சோடியம், ஒரு அலுமினியம், மூன்று சிலிக்கான், எட்டு ஆக்சிஜன். மறுமுனையில் அனார்தைட்: ஒரு கால்சியம், இரண்டு அலுமினியம், இரண்டு சிலிக்கான், எட்டு ஆக்சிஜன். சோடியம் இருந்த இடத்தில் கால்சியம் வந்து உட்கார்ந்தால் மின்னூட்டம் ஒன்று கூடிவிடும். அதைச் சரிக்கட்ட ஒரு சிலிக்கான் போய் ஒரு அலுமினியம் வரவேண்டும். இந்த இரட்டை மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாம் இதில்தான் வந்து நிற்கும்.

பாறைக்குழம்பிலிருந்து படிகமாகும் வெப்பத்தில் இரண்டும் எந்த விகிதத்திலும் கலந்து நிற்கும். குளிரக் குளிர, சில விகிதங்களில் அந்தக் கலப்பு தாங்காது. கல் திண்மமாக இருக்கும்போதே, படிகச் சட்டகம் உடையாமலே, சோடியம் சற்றுக் கூடிய தகடும் கால்சியம் சற்றுக் கூடிய தகடும் மாறி மாறி அமைகின்றன. பிளாஜியோகிளேஸ் தொடரில் இப்படிப் பிரியும் வரம்புகள் மூன்று. ஆல்பைட் முனையை ஒட்டி இருப்பது பெரிஸ்டரைட். அனார்தைட் ஏறத்தாழ 47 முதல் 58 விழுக்காடு வரை உள்ளது போகில்ட் இடைவளர்ச்சி (இரு வகைத் தகடுகளும் மாறி மாறி அமைந்த அமைப்பு). அதற்கும் மேலே, 65 முதல் 90 வரை ஹுட்டன்லோகர் இடைவளர்ச்சி. பெரிஸ்டரைட்டில் மங்கலான நீலம் வரும். நீங்கள் வைத்திருக்கும் கல்லின் முழு வண்ணம் நடு வரம்புக்கு உரியது. டென்மார்க்கின் கனிமவியலாளர் போகில்ட் 1924-இல் இந்த ஒளிர்வை விரிவாக அளந்து எழுதியதால் அந்தப் பெயர். தகடுகளை நேரடியாகப் பார்ப்பதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வரவேண்டியிருந்தது.

இந்தத் தகடுகள் ஏன் தடித்து வளராமல் நின்றுவிடுகின்றன என்பதுதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தகடு தடிக்கவேண்டுமானால் கால்சியமும் சோடியமும் இடம் மாறினால் மட்டும் போதாது, கூடவே அலுமினியமும் சிலிக்கானும் மாறவேண்டும். அவை ஆக்சிஜனோடு மிக இறுக்கமாகப் பிணைந்தவை. சுமார் 800 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்த நகர்வு அவ்வளவு மெதுவானது. அதனால் பெரிய ஆழ்பாறைத் திரள் இலட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்லக் குளிர்ந்தாலும் தகடு சுமார் 100 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) தடிமனிலேயே உறைந்துவிடுகிறது. ஒளியின் அலைநீளத்தோடு ஒத்துப்போகும் அளவு அது. அதே கலவை எரிமலைக் குழம்பில் வந்து வேகமாகக் குளிர்ந்திருந்தால் தகடே பிரிந்திருக்காது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து லாப்ரடோரைட் அப்படிப்பட்டது: கண்ணாடிபோல் தெளிவு, இந்த வகை வண்ணம் கிடையாது. அதில் மின்னுவது உள்ளே சிதறிக் கிடக்கும் செம்புத் துகள்கள். அது முற்றிலும் வேறு விளைவு.

சந்திரகாந்தம் இதற்கு மறுபக்கம். அது பொட்டாசியமும் சோடியமும் கலந்த ஃபெல்ட்ஸ்பார், அதாவது ஆர்த்தோகிளேஸுக்குள் ஆல்பைட் தகடுகள். இங்கே இடம் மாறுபவை பொட்டாசியமும் சோடியமும் மட்டும்தான். இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம், அலுமினியமும் சிலிக்கானும் அசையத் தேவையில்லை. ஆகவே நகர்வு வேகமாக நடக்கும், தகடும் வேகமாகத் தடிக்கும். மிக மெதுவாகக் குளிர்ந்தால் கண்ணுக்கே தெரியும் பட்டைகளாகிவிடும். பல கிரானைட்டுகளின் இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பாரில் வெள்ளை இழைகளாகத் தெரிவது அதுதான், அதற்குப் பெர்த்தைட் என்று பெயர். குளிர்தல் இடையில் ஓரளவு விரைந்தால்தான் தகடு நுண்ணளவிலேயே நிற்கும், நீலம் கிடைக்கும். தகடுகள் 100 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் நல்ல நீலம். பல நூறு நானோமீட்டர் ஆகிவிட்டால் வெறும் வெண்மை.

ஒரே லாப்ரடோரைட்டில் மூன்று நிறம் ஏன்? போகில்ட் வரம்புக்குள் அனார்தைட் கூடக் கூட நிறம் நீலத்திலிருந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நகரும் போக்கு உண்டு. படிகம் வளரும்போது நடுப்பகுதி கால்சியம் மிகுந்தும் ஓரம் சோடியம் மிகுந்தும் அமைவது வழக்கம். அதனால் நடுவில் பொன்னும் ஓரத்தில் நீலமுமாகப் பட்டை விழும். உங்கள் கட்டியில் அந்த வரிசை தெரிகிறதா என்று பாருங்கள்.

அந்த இணைகோடுகள் நீங்கள் நினைக்கும் அடுக்கு இல்லை. அவை இரட்டைப்படிகக் கோடுகள். படிகம் ஒரு தளத்தின் இருபுறமும் திசை மாறி மாறி வளர்ந்ததற்கான தடம். கண்ணுக்குத் தெரிகிறது என்றாலே அது ஒளியலையைவிடப் பல நூறு மடங்கு பெரிது, நிறம் தர முடியாது. ஆனால் நிறத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள நுண்தகடுகள் சில டிகிரி ஒருபுறம் சாய்ந்தால், அந்தப் பக்கம் உள்ளவை மறுபுறம் சாயும். அதனால்தான் ஒரு பட்டை மின்னும்போது அடுத்தது இருண்டு, சற்றுத் திருப்பினால் இருண்டது மின்னுகிறது.

கொங்குமண்

இடையில் ஒரு கேள்வி. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் மலையளவு அனார்த்தோசைட் இருக்கிறது. அது முழுக்கப் பிளாஜியோகிளேஸ்தானே? சந்திராயன்-2 சோதனைக்கு நிலவு மண் செய்ய அந்தப் பாறையைத்தான் எடுத்தார்கள். அதில் ஏன் இந்த ஒளிர்வு இல்லை? அப்புறம், கிரானைட் கடைகளில் ‘புளூ பேர்ல்’ என்று ஒரு பலகை விற்கிறார்களே, அதில் நீலமாக மின்னுவது எந்தக் கணக்கில் வரும்?

பாறைவிழி

சித்தம்பூண்டியின் பிளாஜியோகிளேஸ் கால்சியம் மிகமிக அதிகம் கொண்டது, அனார்தைட் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல். போகில்ட் வரம்பைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. நிலவின் மேட்டுநிலப் பாறைக்கு அது பொருந்தியதும் அதே காரணத்தால்தான். போதாததற்கு, அந்தப் பாறை உருவான பின் ஆழத்தில் கடும் வெப்ப அழுத்தத்தில் மறுபடிகமாகியிருக்கிறது. முழுக்கப் பிளாஜியோகிளேஸ் என்பதாலேயே மின்னிவிடாது. கலவை அந்தக் குறுகிய வரம்பில் விழவேண்டும், குளிர்தல் மெதுவாக இருக்கவேண்டும், அதன்பின் யாரும் அதைத் தொந்தரவு செய்யாமல் இருக்கவேண்டும். மூன்றும் சேர்ந்து அமைந்த இடங்கள் உலகில் குறைவு. கனடாவின் லாப்ரடோர் கடற்கரையில் நெய்ன் அருகே உள்ள பால் தீவு அவற்றில் ஒன்று. 1770-களில் மொரேவியச் சமயப் பணியாளர்கள் அங்கிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பியதால்தான் கல்லுக்கே அந்தப் பெயர். பின்லாந்தின் யிலாமா இன்னொன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எல்லை அரண் கட்டும்போது வெளிப்பட்டது, ஸ்பெக்ட்ரோலைட் என்ற வணிகப்பெயரில் வருகிறது. அடிநிறம் கறுப்பாக இருப்பதால் சிவப்பு, ஊதா வரை துல்லியமாகத் தெரியும்.

‘புளூ பேர்ல்’ நார்வேயின் லார்விக் பகுதிப் பாறை, லார்விகைட். கிரானைட் என்பது கடைப்பெயர் மட்டும். அதில் குவார்ட்ஸ் இல்லை அல்லது மிகக் குறைவு. சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் கலந்த ஃபெல்ட்ஸ்பார் நுண்தகடாகப் பிரிந்ததால் அந்த நீல வெள்ளி மினுக்கம். உண்மையான லாப்ரடோரைட் மினுக்கத்தைப் பலகையில் பார்க்க வேண்டுமானால் ‘வோல்கா புளூ’ கேளுங்கள். அது உக்ரைன் அனார்த்தோசைட். கறுப்புப் பலகையில் அங்கங்கே நீலக் கண்கள் தெரியும்.

ஒளிக்கணக்கு

கலவையைப் பாறைவிழி சொல்லிவிட்டார். நான் ஒளியின் பக்கத்தை எண்களில் தருகிறேன்.

இரண்டு வகைத் தகடுகளுக்கும் அனார்தைட் அளவில் வேறுபாடு 10 முதல் 15 விழுக்காடு என்று வையுங்கள். பிளாஜியோகிளேஸில் ஒரு விழுக்காட்டுக்கு ஒளிவிலகல் எண் சுமார் 0.0005 மாறும். ஆக, பக்கத்துப் பக்கத்துத் தகடுகளுக்கு இடையே வேறுபாடு 0.006 அளவுதான். சராசரி எண் 1.56. ஒரு எல்லையில் பட்டுத் திரும்பும் ஒளி பத்து இலட்சத்தில் 4 பங்கு. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அடுக்கின் இடைவெளி சரியாக அமைந்தால் எல்லா எல்லைகளிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒரே கட்டத்தில், அதாவது முகடோடு முகடு பொருந்தி, வந்து சேரும். கட்டம் ஒத்தால் கூட்டப்பட வேண்டியது வீச்சு, அதாவது அலையின் உயரம். அதை இருமடி ஆக்கினால்தான் ஒளியின் செறிவு. நூறு சோடித் தகடு சீராக இருந்தால் போதும், அந்த ஒரு நிறத்தில் மட்டும் பத்து விழுக்காட்டுக்கு மேல் திரும்பிவிடும். நூறு சோடியின் மொத்தத் தடிமன் சுமார் 0.02 மில்லிமீட்டர்தான். இயற்கையில் இவ்வளவு சீர் கிடைக்காது, ஆனால் கல்லில் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே ஆயிரக்கணக்கான சோடிகள் இருக்கின்றன.

தகடுகளுக்குச் செங்குத்தாகப் பார்த்தால், ஒரு சோடித் தகட்டின் மொத்தத் தடிமனை 3.12-ஆல் பெருக்கினால் தெரியும் நிறத்தின் அலைநீளம் கிடைக்கும். (இரண்டு மடங்கு 1.56.) நீலம் 450 நானோமீட்டர் என்றால் சோடித் தடிமன் 144. பச்சை 530-க்கு 170. மஞ்சள் 580-க்கு 186. சிவப்பு 650-க்கு 208. நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே வித்தியாசம் வெறும் 64 நானோமீட்டர். ஒரு படிகத்துக்குள் கலவை சற்றே மாறினாலும் நிறம் தாவுவதற்கு இதுதான் காரணம். இன்னொன்றையும் கவனியுங்கள்: 186 நானோமீட்டர் அடுக்கின் இரண்டாம் படிப் பிரதிபலிப்பு (பாதி அலைநீளத்தில் கட்டம் மறுபடி ஒப்பது) 290 நானோமீட்டரில், புறஊதாவில் விழுகிறது, கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஓர் அடுக்குக்கு ஒரே நிறம், அதுவும் தூய நிறம். தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் வரும் கலங்கிய இளஞ்சிவப்பும் பச்சையும் இங்கே வராது.

சாய்த்துப் பார்த்தால் நிறம் எப்போதும் நீலப்பக்கம்தான் நகரும். தகடுக்கு இணையாக மெருகிட்ட முகத்தில், ஒளியும் கண்ணும் செங்குத்துக்கோட்டிலிருந்து இருபுறமும் 45 டிகிரியில் இருந்தால், 580-இன் மஞ்சள் 517-இன் பச்சையாகிவிடும். கல்லின் நிறம் என்ன என்று ஒருவர் சொல்லும்போது எந்தக் கோணத்தில் என்று கேட்பது நியாயம்.

இனி செத்த முகம். தகடு மேற்பரப்புக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே விஷயம். வெளியிலிருந்து எவ்வளவு படுத்த கோணத்தில் ஒளி விழுந்தாலும், உள்ளே போனபின் அது செங்குத்துக்கோட்டிலிருந்து 40 டிகிரிக்குமேல் சாய முடியாது. திரும்பி வெளியேறவும் அதே வரம்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தகட்டின் சாய்வு 40 டிகிரியைத் தாண்டினால் அந்த முகத்தின் வழியாக மினுக்கம் ஒருபோதும் வெளியே வராது. கல் நல்லதாகவே இருக்கும், அந்தச் சன்னல்தான் தவறு. உங்கள் பக்கத்து முகம் செத்துக் கிடப்பது இதனால்தான்.

சந்திரகாந்தத்தில் தகடுகள் இவ்வளவு சீராக அடுக்கப்பட்டிருக்கவில்லை. தடிமனும் இடைவெளியும் கலைந்து இருக்கின்றன. கட்டம் ஒத்துச் சேர்வதற்குப் பதில், நுண்ணிய தகடுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. குறுகிய அலை அதிகம் சிதறும், அதனால் நீலம். விளக்குக்கு எதிரே பிடித்து ஊடே பார்த்தால் அதே கல் இளமஞ்சளாகத் தெரியும். நீலம் பக்கவாட்டில் போய்விட்டதற்கு அதுவே சாட்சி. 1950-இல் சி. வி. ராமன், ஜெயராமன், ஸ்ரீநிவாசன் மூவரும் இலங்கைச் சந்திரகாந்தக் கற்களைப் பற்றியும், அதே ஆண்டில் ராமனும் ஜெயராமனும் லாப்ரடோரைட்டைப் பற்றியும் எழுதினார்கள். ஒளிச்சிதறலில் வாழ்நாளைச் செலவிட்டவர் இந்தக் கற்களிடம் வந்து சேர்ந்தது இயல்புதான்.

சாணைப்பட்டறை

தம்பி, திசை கண்டுபிடிக்கும் முறையை நான் சொல்கிறேன். ஒளிக்கணக்கு எழுதிய 40 டிகிரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கல்லை நன்றாகக் கழுவி, கிளிசரினோ சமையல் எண்ணெயோ தடவுங்கள். தண்ணீரும் ஆகும், ஆனால் தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, கிளிசரினுக்கு 1.47. கல்லுக்கு நெருங்கிய எண் உள்ள திரவம்தான் கரட்டுப் பரப்பை மறைத்து உள்ளே பார்க்க விடும். கிளிசரின் தண்ணீரில் கழுவினால் போய்விடும், எனவே அதையே வையுங்கள். எண்ணெய் விரிசலுக்குள் ஏறினால், பின்னால் கல்லைக் குச்சியில் ஒட்டும் அரக்கு பிடிக்காது.

அறையின் டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஒரே ஒரு சின்ன டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், பார்வைக்கோட்டிலேயே பிடியுங்கள். கல்லை மெல்லத் திருப்புங்கள். எங்கே முழுவீச்சில் மின்னுகிறதோ அங்கே நிறுத்துங்கள். அந்த நிலையில் முகம் உங்களுக்கு நேராக இருந்தால் தகடும் முகமும் இணை, அப்படியே வெட்டலாம். முகம் சாய்ந்திருக்கும்போது மின்னினால், எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று கோணமானியில் பாருங்கள். இங்கேதான் பலர் தவறுவது. முகம் 25 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று ரம்பத்தையும் 25 டிகிரி சாய்த்து வெட்டிவிடுவார்கள். வெளியே 25 என்றால் உள்ளே தகட்டின் சாய்வு 16-தான். வெளியே 10-க்கு உள்ளே 6, 40-க்கு 24, 60-க்கு 34. உள்ளே உள்ள எண்ணுக்கே ரம்பத்தைச் சாய்க்கவேண்டும். வெட்டும் தளத்தைச் சுற்றிலும் அலுமினியக் கம்பியால் கோடு போடுங்கள், பேனா மை ரம்பத்துத் தண்ணீரில் போய்விடும்.

முழுக்கச் செத்த கட்டி என்று தோன்றினால் தூக்கிப் போடவேண்டாம். ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று பக்கமும் 220 கிரிட்டில் (கிரிட் என்பது தேய்ப்புப் பொடியின் நுண்மை எண்) சின்னச் சின்னச் சன்னல் தேய்த்து, கிளிசரின் தடவி மறுபடி பாருங்கள். மூன்றிலும் வரவில்லை என்றாலும் முடிவு கட்டவேண்டாம்: மூன்று பக்கத்துக்கும் சமமாகச் சாய்ந்த தகடு ஒவ்வொன்றிலிருந்தும் 55 டிகிரி விலகி நிற்கும், 40-ஐத் தாண்டிவிடும். மூலைகளிலும் தேய்த்துப் பார்த்து எதுவும் வரவில்லை என்றால்தான் அது வெறும் சாம்பல் கல்.

இந்தக் கல்லில் இரண்டு பிளவுத்தளங்கள் உண்டு, ஒன்றுக்கொன்று 86 டிகிரி. மினுக்கத் தகடு இரண்டாவது பிளவுத்தளத்துக்கு மிக அருகில் அமையும். அதாவது மினுக்கத்துக்கு இணையாக வெட்டிய பலகையின் முகமே கிட்டத்தட்ட ஒரு பிளவுத்தளம். முதல் பிளவு, இரண்டில் எளிதாகப் பிளப்பது, பலகையைக் குறுக்கே கடக்கும். ஆகவே 6 மில்லிமீட்டருக்குக் குறைத்து வெட்டவேண்டாம், ரம்பத்தைத் தள்ளவும் வேண்டாம், தானாக உண்ணட்டும். கடைசி 5 மில்லிமீட்டரில் கையால் தாங்கிப் பிடிக்காவிட்டால் அங்கே முறிந்து ஒரு பல் நிற்கும்.

மெருகின்போது முகம் செதில் செதிலாக உரிந்தால் நீங்கள் பிளவுத்தளத்தின் மேலேயே தேய்க்கிறீர்கள் என்று பொருள். முகத்தை 4 டிகிரி சாய்த்துத் தேய்த்தால் உரிதல் நின்றுவிடும். மினுக்கத்தின் திசை வெளியே 6 டிகிரிதான் விலகும், போட்டிருப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

சாணை வரிசை: 220, 600, 1200, 3000. ஒவ்வொரு கிரிட்டுக்கும் பிறகு கல்லைத் துடைத்து உலர்த்திப் பாருங்கள், ஈரம் கீறலை மறைக்கும். 600-இல் நேரம் செலவழியுங்கள், அங்கே விட்ட கீறல் 3000-இல் போகாது. கடைசி மெருகுக்கு ஈரத்தோல் மேல் சீரியம் ஆக்சைடு குழம்பு, அல்லது 14,000 வைரப் பசை. தோல் உலர்ந்தால் சூடேறும், சூடேறினால் பிளவில் விரிசல் ஓடும். உள்ளே கறுப்பு ஊசிகள் இருந்தால் அவை இரும்பு டைட்டானிய ஆக்சைடு. அவற்றைச் சுற்றிச் சிறு குழி விழும், அதற்கு அழுத்தம் குறைப்பது மட்டுமே வழி. அந்தக் கறுப்பைக் குறை என்று நினைக்காதீர்கள். ஊடே போகும் ஒளியை அது விழுங்கிவிடுவதால்தான் மேலே வரும் நிறம் துலங்குகிறது.

அரக்கில் ஒட்டும்போது கல்லை நேராகத் தீயில் காட்டக் கூடாது. விளக்கடியிலோ வெயிலிலோ வைத்து மெல்லச் சூடேற்றி, அரக்கோடு ஒரே வெப்பத்துக்கு வந்தபின் ஒட்டுங்கள். சூட்டுக்குப் பயந்தால் சூப்பர்குளூ போட்டு மரக்குச்சியில் ஒட்டி, முடிந்ததும் அசிட்டோனில் ஊறவைத்துக் கழற்றலாம்.

லாப்ரடோரைட்டுக்குத் தட்டை முகம் அல்லது தாழ்ந்த வளைவு போதும். வளைவு கூடினால் ஒரு நேரத்தில் ஒரு பகுதிதான் மின்னும். சந்திரகாந்தத்துக்கு நேர்மாறாக, நல்ல உயரமான வளைவு வேண்டும். அகலத்தில் பாதிக்குக் குறையாத உயரம் வையுங்கள், ஒளி உச்சியில் திரளும். மினுக்கத்தளம் அடித்தளத்துக்கு இணையாக இருக்கவேண்டும். 5 டிகிரி தவறினாலே ஒளி உச்சியை விட்டு ஓரத்துக்கு நழுவும்.

காலிக்கரை

சந்திரகாந்தக் கல் பற்றி இலங்கைப் பக்கத்தில் இருந்து கொஞ்சம் சேர்க்கிறன். நல்ல நீலத்துக்குப் பேர்போன இடம் காலி மாவட்டத்தில் அம்பலாங்கொடைக்கு உள்நிலமாக இருக்கிற மீட்டியாகொட. அங்கே பெக்மடைட் (பெரிய படிகங்கள் உள்ள பாறை) நாளம் முழுக்க உக்கி வெள்ளைக் களியாக (களிமண்ணாக) கிடக்குது. ஃபெல்ட்ஸ்பாரே களியாக மாறுகிற கனிமம் எண்டபடியால், உக்காமல் மிஞ்சின துண்டுகள்தான் கல்லாக வரும். குழி தோண்டத் தோண்டத் தண்ணி ஊறும், பம்ப் ஓடாமல் வேலை நடக்காது.

வாங்கேக்க மூண்டு விசயம் பாருங்கோ. கல்லின்ர வெளித்தோல் வெள்ளையாக, மாப்போல இருந்தால் உக்கல் எவ்வளவு உள்ளே போயிருக்கு எண்டு டார்ச்சாலே பார்க்கவேணும். பிளவு வழியாக உக்கல் இறங்கியிருந்தால் சாணையிலே பிரிஞ்சு போகும். அடுத்தது, உள்ளுக்குப் பூரான்போலக் குறுக்குக் கால்களோட விரிசல்கள் இருக்கும். பொட்டாசியத் தகடும் சோடியத் தகடும் ஒரே அளவாகச் சுருங்காததால் வந்த அழுத்த விரிசல் அது. சின்னதாக உள்ளுக்குள்ளேயே நிண்டால் பயமில்லை, இயற்கைக் கல் எண்டதுக்கு அத்தாட்சி. மேற்பரப்பைத் தொட்டுதெண்டால் விலையைக் குறைச்சுக் கேளுங்கோ. மூண்டாவது, இந்தக் கல்லின்ர மினுக்கத்தளம் எளிதான பிளவுத்தளத்துக்கு இணையில்லை, எழுபது டிகிரிக்கு மேலே விலகி நிக்கும். பிளந்த முகத்திலே நீலம் தெரியேல்லை எண்டு கல்லை ஒதுக்கக் கூடாது, அந்த முகத்துக்குக் குறுக்கே பார்க்கவேணும்.

சூட்டைப் பற்றிச் சாணைப்பட்டறை ஐயா சொன்னதுக்கு மேலே ஒண்டு. பொட்டாசியமும் சோடியமும் லேசாக நகரும் எண்டு பாறைவிழி எழுதியிருக்கிறார். அது திருப்பியும் நடக்கும். ஆயிரம் டிகிரிச் சூட்டிலே நெடுநேரம் வைச்சால் தகடுகள் மறுபடி கரைஞ்சு ஒண்டாகி, நீலம் அழிஞ்சுபோகும். நகைக்காரர் பற்றவைக்கிற சுடர் அந்தளவுக்கு முதலே கல்லை வெடிக்க வைச்சிடும், ஆகவே பற்றவைப்பு முடிஞ்ச பிறகுதான் கல்லைப் பதிக்கவேணும்.

கல்தேடி

எல்லோருக்கும் நன்றி. பட்டறை அண்ணா சொன்னபடி டார்ச்சை வைத்துப் பார்த்தேன். ஒரு முகம் 40 டிகிரி சாய்வில் மின்னுகிறது, ஆகவே ரம்பத்துக்கு 24. கட்டியின் நடுவே பொன், ஓரம் நீலம், பாறைவிழி சொன்ன அதே வரிசை.

ஒரு சந்தேகம் மிச்சம். முதலில் நான் கவனிக்கவில்லை, என் சந்திரகாந்தத் துண்டுகளில் இரண்டில் நீலத்தோடு கொஞ்சம் மஞ்சளும் தெரிகிறது. கடைக்காரர் ‘ரெயின்போ மூன்ஸ்டோன்’ என்றார். அதுவும் இதே கல்லா?

பாறைவிழி

இல்லை. அந்தப் பெயரில் விற்பது நிறமற்ற லாப்ரடோரைட். மஞ்சள், பச்சை தெரிவதே அடையாளம், ஆனால் நீலம் மட்டும் காட்டும் துண்டுகளில் கண் ஏமாறும். எடையால் பிரித்துவிடலாம். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு போதும்.

கல்லை உலர்த்தி எடை பாருங்கள். பிறகு ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண் கல் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் ஒப்படர்த்தி. 5.20 கிராம் கல்லுக்குத் தராசு 2.02 காட்டினால் 2.57, அது ஆர்த்தோகிளேஸ் சந்திரகாந்தம். 1.93 காட்டினால் 2.69, அது லாப்ரடோரைட். குவார்ட்ஸ் இடையில் 2.65-இல் வரும். அதில் பிளவு இல்லை என்பதால் உடைந்த முகத்தைப் பார்த்தே ஒதுக்கலாம்.

கல்லில் ஒட்டிய காற்றுக்குமிழிதான் இதில் வழக்கமாக வரும் பிழை. ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கல்லைத் தூரிகையால் தேய்த்தபின் மூழ்கவிடுங்கள். 3 கிராமுக்குக் குறைந்த துண்டுகளில் இரண்டாம் தசமத்தை நம்பவேண்டாம். அரை கிராம் கல் என்றால் தராசின் ஓர் எண் தவறே விடையை 2.5-க்கும் 2.8-க்கும் இடையே எங்கே வேண்டுமானாலும் தள்ளிவிடும். அப்படிச் சின்னத் துண்டுகளுக்கு ஒளிவிலகல் எண் அளக்கும் கருவிதான் வழி: சந்திரகாந்தம் 1.52 பக்கம் நிற்கும், லாப்ரடோரைட் 1.56 பக்கம்.